கூலி உயர்ந்தது, வாங்கும் சக்தி உயர்ந்ததா?

சென்னை - மும்பை ரயில் பாதையும் கூடூர் - காட்பாடி பாதையும் சந்திக்கும் ரேணிகுண்டா, தமிழகப் பயணிகள் பலருக்குத் திருப்பதிக்கு முன்பு வரும் ஒரு ரயில் சந்திப்பு மட்டுமே. ஆனால், கிராமப்புற மக்களின் வருமானம் உண்மையில் உயர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை காண்பது எத்தனை சிக்கலானது என்பதை எடுத்துக்காட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரேணிகுண்டா ஒரு நகரம். நகராட்சி இல்லாவிட்டாலும் மக்கள்தொகை, அடர்த்தி, விவசாயம் சாராத தொழில் ஆகியவற்றின் அடிப்படையில் அது 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்தப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு இல்லாத பகுதிகள் அனைத்தையும் ஊரகம் என்று வரையறுத்த மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கண்ணோட்டத்தில், இத்தகைய ஊர் ஒரு கிராமம். ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களையும் தன் ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் நபார்டு வங்கிக்கும் அது ஊரகமே. ஒரே ஊர் ஒரு கோப்பில் நகரம். மற்ற இரண்டு கோப்புகளில் கிராமம்.

ஊரின் நிலை இதுவென்றால், அங்குள்ள குடும்பங்களின் நிலையும் அப்படித்தான். ரேணிகுண்டா மண்டலத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு இரண்டு ஏக்கர் நிலத்தில் நிலக்கடலையும் சில மாமரங்களும் இருக்கும். தாய் கறவை மாடு வளர்ப்பார். வேலை கிடைக்கும் நாள்களில் நூறு நாள் வேலைக்கும் செல்வார். மகன் கரகம்பாடி மின்கலத் தொழிற்சாலையிலோ, விமான நிலையத்தை ஒட்டிய மின்னணு ஆலைகளிலோ ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். பத்தாண்டுகளுக்கு முன்பு இக்குடும்பத்தின் கைக்கு வந்த பணத்தைவிட இப்போது வருவது அதிகம் என்பதில் ஐயமில்லை. அரிசி, எண்ணெய் தொடங்கி பள்ளிக் கட்டணம், மருந்து, பேருந்துக் கட்டணம் வரை அனைத்தும் உயர்ந்த பிறகு அந்தப் பணத்தால் முன்பைவிட எவ்வளவு கூடுதலாக வாங்க முடிகிறது என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு நம்பத்தகுந்த விடை அளிக்கும் நிலையில் மத்திய அரசின் புள்ளிவிவர அமைப்பு நீண்ட காலமாக இல்லை. இது பொருளாதார வல்லுநர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அன்று. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கூலியே ஒரு விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. அளவுகோல் பிழையானால், பிழை புள்ளிவிவரத்தோடு நிற்பதில்லை. கூலியிலும் அது கழிக்கப்பட்டுவிடுகிறது.

எல்லையில் 29 ரூபாய்

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரி 2-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது, ராயலசீமையின் அனந்தபூர் மாவட்டத்தில் உள்ள பண்ட்லபள்ளி கிராமத்தில்தான். 2009-ல் மத்திய அரசு இத்திட்டத்தின் கூலியை மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து பிரித்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று நிறுத்தியது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எதிர்ப்புகள் வலுத்த பிறகு, 2011 ஜனவரியில் கூலி உயர்த்தப்பட்டது. விவசாயத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையில் ஆண்டுதோறும் திருத்தப்படும் என்ற ஏற்பாடும் வந்தது.

அப்போது ஆந்திரத்துக்கு அறிவிக்கப்பட்ட கூலி 121 ரூபாய். தமிழகத்துக்கு 119 ரூபாய். ஆந்திரம் இரண்டு ரூபாய் முன்னே நின்றது. 2025-26 நிதியாண்டுக்கு ஆந்திரத்தின் கூலி 307 ரூபாய்; தமிழகத்தின் கூலி 336 ரூபாய். இப்போது ஆந்திரம் 29 ரூபாய் பின்தங்கி நிற்கிறது.

இந்த இடைவெளி ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் ரயிலில் பயணம் செய்தால் கண்முன் தெரியும். புத்தூர், நகரி வரை ஒரு கூலி. அடுத்து வரும் திருத்தணியில் மற்றொரு கூலி. 1960 வரை திருத்தணியும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் எல்லையின் இருபுறமும் மக்கள் ஒரே சந்தைகளுக்குத்தான் செல்கிறார்கள். காய்கறி வண்டிகளும் துணி வியாபாரிகளும் மாநில எல்லையைப் பார்த்து விலை சொல்வதில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் வாழ்வதால் மட்டும் ஒரு தொழிலாளியின் செலவு நாளொன்றுக்கு 29 ரூபாய் குறைந்துவிடுகிறதா?

குறையவில்லை என்றால், வேறுபாடு எங்கிருந்து வந்தது? மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகக் கணக்கிடப்படும் குறியீட்டெண் அதற்கு முக்கியக் காரணம். விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண்ணின் மாதாந்திரப் பட்டியலில் தமிழகம் பல ஆண்டுகள் முதலிடத்திலும், இமாச்சலப் பிரதேசம் கடைசி இடத்திலும் இருந்தன. தமிழகத்தில் பொருள்கள் மற்ற எல்லா மாநிலங்களையும் விட விலை அதிகம் என்பது இதன் பொருள் அன்று. அடிப்படை ஆண்டிலிருந்து அங்கு விலை எவ்வளவு வேகமாக உயர்ந்தது என்பதை மட்டுமே அந்த எண் கூறுகிறது. தொடக்கத்தில் கூலி எங்கே நிறுத்தப்பட்டது, அது வாழப் போதுமானதாக இருந்ததா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. போதாத கூலியை எவ்வளவு துல்லியமான குறியீட்டெண்ணோடு இணைத்தாலும் அது போதாத கூலியாகவே நீடிக்கும்.

இனி, உண்மைக் கூலியைப் பார்ப்போம். ஆந்திரத்தின் கூலி 2011-லிருந்து 2025-க்குள் 154 சதவீதம் உயர்ந்துள்ளது என்று சொன்னால் அது பெரிய சாதனையாகத் தோன்றும். அகில இந்திய விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண் 2011 ஜனவரியில் 589. 2025 ஜனவரியில் 1,316. அதாவது 2011-ல் 100 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2025-ல் சுமார் 223 ரூபாய் தேவைப்பட்டது. இந்த அளவில் கழித்தால் 307 ரூபாய் என்பது 2011 விலையில் ஏறத்தாழ 137 ரூபாய்தான். பதினான்கு ஆண்டுகளில் உண்மை உயர்வு 16 ரூபாய். ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நாட்டின் மொத்த உற்பத்தி அதே காலத்தில் வளர்ந்த வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது யாருக்கும் கடினமல்ல.

நாற்பதாண்டுப் பழைய கூடை

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. கழிக்கப் பயன்படுத்திய அளவுகோலே பழையது. விவசாயத் தொழிலாளர் மற்றும் ஊரகத் தொழிலாளர் குறியீட்டெண்கள் 1986-87 ஆண்டை 100 என்று வைத்துத்தான் 2025 வரை வெளியிடப்பட்டன. எந்தப் பொருளுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை முடிவு செய்தது 1983-ல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவு விவரம். அன்றைய விவசாயத் தொழிலாளியின் செலவில் உணவின் பங்கு 69 சதவீதத்துக்கும் அதிகம். மருத்துவம், கல்வி, போக்குவரத்து உள்ளிட்ட இதரச் செலவுகள் அனைத்துக்கும் சேர்த்து 12 சதவீதம்கூட ஒதுக்கப்படவில்லை.

1983-ல் அது சரியாக இருந்திருக்கலாம். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறச் செலவில் உணவின் பங்கு சுமார் 47 சதவீதம் மட்டுமே. மீதிப் பாதிக்கும் மேற்பட்ட செலவு மருந்துக்கும் பள்ளிக்கும் பயணத்துக்கும் செல்பேசிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் செல்கிறது. ஆந்திரக் கிராமங்களில் தனியார் பள்ளிக்கு வண்டி வைத்துப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் ஏழைக் குடும்பங்கள் வரை பரவிவிட்டது. பழைய கூடையில் அதற்கு உரிய இடம் இல்லை.

இதன் விளைவு ஒரே திசையில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உணவுப் பொருள் விலை மட்டும் ஏறும் ஆண்டில் பழைய குறியீட்டெண் அளவுக்கு மீறி ஏறும். கூலியும் சற்றுக் கூடும். உணவு விலை அடங்கி, மருத்துவச் செலவும் கல்விச் செலவும் ஏறும் ஆண்டில் குறியீட்டெண் அசையாது. கூலி உயர்வும் சில ரூபாய்களோடு நின்றுவிடும். தொழிலாளியின் செலவு நோட்டும் அரசின் குறியீட்டெண்ணும் வெவ்வேறு திசைகளில் செல்கின்றன.

இக்குறை அரசுக்குத் தெரியாதது அன்று. மகேந்திர தேவ் தலைமையிலான குழு, கூலியைத் திருத்த ஊரகத் தொழிலாளர் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தவும், மாநிலத்தின் குறைந்தபட்ச விவசாயக் கூலி, திட்டக் கூலி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதையே தொடக்கமாகக் கொள்ளவும் பரிந்துரைத்தது. நாகேஷ் சிங் குழு 2017-ல், ஊரகப் பகுதிகளுக்கான பொது நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கு மாறலாம் என்றது. 2019-ல் அனூப் சத்பதி குழு, 2018 விலை நிலவரப்படி தேசியக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 375 ரூபாயாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. 2025-ல் ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 400 ரூபாய் கூலி கேட்டது. குழுக்கள் மாறின, ஆட்சிகளும் மாறின. கூலியை நிர்ணயித்த கூடை மாறவில்லை.

கடைசியில் 2025 ஜூலையில், 2019-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய வரிசையை மத்திய தொழிலாளர் பணியகம் வெளியிட்டது. விலை சேகரிக்கும் கிராமங்களின் எண்ணிக்கை 600-லிருந்து 787 ஆனது. 20 மாநிலங்களுக்குப் பதிலாக 34 மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இடம்பெற்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும், இப்புதிய வரிசையின் கூடையும் 2011-12 நுகர்வு ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. வெளிவந்த நாளிலேயே அதற்குப் பதிமூன்று வயது. இடைப்பட்ட காலத்தில் 2022-23, 2023-24 என இரண்டு நுகர்வு ஆய்வுகளின் முடிவுகள் அரசின் கையிலேயே இருந்தன.

விளைச்சலிலிருந்து கூலிக்கு

கூலித் தொழிலாளியின் நிலை இதுவென்றால் விவசாயியின் நிலை என்ன? தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2002-03, 2012-13, 2018-19 ஆகிய ஆண்டுகளுக்கு விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கிட்டது. அகில இந்தியச் சராசரி மாத வருமானம் முறையே 2,115 ரூபாய், 6,426 ரூபாய், 10,218 ரூபாய். ஆந்திரத்தில் 2012-13-ல் 5,979 ரூபாயாக இருந்தது 2018-19-ல் 10,480 ரூபாயானது. தமிழகத்தில் 6,980 ரூபாய் 11,924 ரூபாயானது.

ஆறே ஆண்டுகளில் ஆந்திர விவசாயக் குடும்பத்தின் வருமானம் 75 சதவீதம் கூடியது என்று மேடையில் பேச இந்த எண்கள் போதும். அகில இந்தியக் குறியீட்டெண் அதே காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அதைக் கழித்தால் ஆந்திரத்தின் 10,480 ரூபாய் பழைய விலையில் சுமார் 7,900 ரூபாயாகிறது. உயர்வு இருக்கிறது, ஆனால் 75 சதவீதம் இல்லை, 32 சதவீதம்.

அகில இந்திய எண்களின் உள்ளே சென்றால் இன்னொரு உண்மை தெரிகிறது. விவசாயக் குடும்பத்துக்குப் பயிர் சாகுபடியில் கிடைத்த மாத வருமானம் 2012-13-ல் 3,081 ரூபாய். 2018-19-ல் 3,798 ரூபாய். இது 23 சதவீத உயர்வு. விலைவாசியோ 33 சதவீதம் உயர்ந்தது. எனவே பயிர் சாகுபடியின் உண்மை வருமானம் குறைந்துவிட்டது. அதே காலத்தில் கூலி வருமானம் 2,071 ரூபாயிலிருந்து 4,063 ரூபாயாக, ஏறத்தாழ இருமடங்கானது. விவசாயக் குடும்பம் என்று கணக்கெடுக்கப்படும் வீட்டில் பயிரைவிடக் கூலியே அதிகம் கொண்டுவந்தது. வருமானம் உயர்ந்ததற்கு விவசாயம் தழைத்தது காரணம் அன்று. விவசாயி வெளியே வேலைக்குப் போனதுதான் காரணம்.

2022-க்குள் விவசாயிகளின் வருமானம் இருமடங்காகும் என்று பிரதமர் 2016 பிப்ரவரியில் அறிவித்தார். அதற்கென அமைக்கப்பட்ட அசோக் தல்வாய் குழு, இருமடங்கு என்பது விலைவாசியைக் கழித்த உண்மை வருமானமே என்று தெளிவுபடுத்தியது, ஆண்டுக்கு 10.4 சதவீத உண்மை வளர்ச்சி தேவை என்றும் கணக்கிட்டது. அந்த இலக்கு எட்டப்பட்டதா என்று சரிபார்க்க 2022-23 ஆண்டுக்கு அதே முறையிலான ஆய்வு நடத்தப்படவில்லை. இலக்கை அறிவித்த அரசு அளவெடுக்கும் நாளைக் குறிக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில் நபார்டு வங்கியின் ஆய்வு எடுத்துக்காட்டப்படுகிறது. 2021-22-ல் விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 13,661 ரூபாய் என்கிறது அது. ஆனால் விவசாயக் குடும்பம் என்பதற்கு அங்கு வேறு வரையறை. கிராமம் என்பதற்கும் வேறு வரையறை. 10,218-க்குப் பக்கத்தில் 13,661-ஐ எழுதி இடையே கோடு இழுத்தால் அது வளர்ச்சிக் கோடு ஆகாது. இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே தராசில் வைத்த கணக்காகும்.

எது வருமானம்?

வரையறை மாறினால் வறுமையும் மாறும் என்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1950-51-ல் நடந்த முதல் விவசாயத் தொழிலாளர் விசாரணை, விவசாயத் தொழிலாளர் குடும்பத்தின் தலா ஆண்டு வருமானம் 104 ரூபாய் என்றது. 1956-57-ல் நடந்த இரண்டாவது விசாரணை 99 ரூபாய் 40 காசு என்றது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பிறகு ஏழைத் தொழிலாளி மேலும் ஏழையானாரா என்று அன்று பெரும் விவாதம் எழுந்தது. விவாதித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தனர். முதல் விசாரணை நெல்லாகவும் தானியமாகவும் கொடுக்கப்பட்ட கூலியைச் சில்லறை விலையில் மதிப்பிட்டது. இரண்டாவது விசாரணை மொத்த விலையில் மதிப்பிட்டது. விவசாயத் தொழிலாளி யார் என்பதற்கான வரையறையும் இடையில் மாறியிருந்தது. ஆகவே வருமானம் குறைந்ததா, கூடியதா என்பதை உறுதியாகக் கூற முடியாமல் அவ்விவாதம் முடிந்தது.

எழுபது ஆண்டுகள் சென்றும் அச்சிக்கல் தீரவில்லை. ரொக்கமாகச் செலவிட்டதை மட்டும் கழித்தால் 2018-19-ல் விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய். வீட்டு விதை, சொந்த உரம், குடும்பத்தினரின் உழைப்பு போன்றவற்றுக்கும் மதிப்பிட்டுக் கழித்தால் அது 8,337 ரூபாய். இரண்டும் ஒரே அரசு அறிக்கையில் உள்ளவை. எந்த எண் பேசப்படுகிறது என்பதைப் பேசுபவரின் தேவையே முடிவு செய்கிறது.

சித்தூர் வட்டாரத்தின் மாம்பழத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி ரகம் இங்குள்ள கூழ் ஆலைகளை நம்பி விளைவிக்கப்படுகிறது. 2025-ல் அதன் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று ஆந்திர அரசு முடிவு செய்தது. கணக்கெடுப்பாளர் எந்த மாதம் வீட்டுக்கு வருகிறார், ஆலை தர வேண்டிய பணம் வந்துவிட்டதா, அரசின் நான்கு ரூபாய் விற்பனை வருமானமா அல்லது உதவியா என்பதைப் பொறுத்து ஒரே தோட்டத்துக்கு மூன்று வருமானங்களை எழுதலாம். ஒரே ஒரு நல்ல ஆண்டையோ ஒரே ஒரு கெட்ட ஆண்டையோ அளந்துவிட்டு, ஆறு ஆண்டுகளுக்கு அதையே உண்மை என்று வைத்திருப்பதில் பொருளில்லை.

அரசுத் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதைப் புறக்கணிக்க முடியாது. கிராமப்புறத்தில் தலா மாத நுகர்வுச் செலவு 2011-12-ல் 1,430 ரூபாயாக இருந்தது. 2023-24-ல் 4,122 ரூபாயானது. 2011-12 விலையிலேயே பார்த்தாலும் 2,079 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் 45 சதவீத உண்மை உயர்வு. ஆய்வு முறை இடையில் மாற்றப்பட்டது என்பதால் இந்த ஒப்பீடும் முழுமையானதல்ல. எனினும் கிராமத்து மக்கள் முன்பைவிட அதிகம் நுகர்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் நுகர்வு வேறு, வருமானம் வேறு. கடன் வாங்கியும் நுகரலாம். 2018-19 ஆய்வின்படி ஆந்திர விவசாயக் குடும்பங்களில் 93.2 சதவீதம் கடன்பட்டவை. சராசரிக் கடன் 2,45,554 ரூபாய். நாட்டிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று இது. மகளின் திருமணத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மருத்துவமனைக்கும் வட்டிக்கு வாங்கிச் செலவிட்ட பணத்தை நுகர்வுக் கணக்கில் பார்த்துவிட்டு, குடும்பம் முன்னேறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வருமானத்தை நேரடியாக அளந்தே தீர வேண்டும்.

அந்த முயற்சியும் எளிதல்ல. 1950-களிலிருந்தே தேசிய மாதிரி ஆய்வு வருமானத்தைக் கேட்டுப் பார்த்திருக்கிறது. மக்கள் கூறிய வருமானம் அவர்களின் செலவையும் சேமிப்பையும்விடக் குறைவாக இருந்ததால் அம்முயற்சிகள் கைவிடப்பட்டன. தேசிய அளவில் குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026-ல் தொடங்கப்போவதாக மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. அதற்கான முன்சோதனையில், விடையளித்தவர்களில் 95 சதவீதம் பேர் இவை வெளியில் சொல்லத் தயங்கும் விவரங்கள் என்று கருதினர். சலுகை பறிபோகும், ரேஷன் அட்டை ரத்தாகும் என்ற அச்சம் இருக்கும்வரை உண்மையான வருமானம் வெளிவராது. தனிமனித விவரம் எந்த நலத்திட்டத் தகுதிக்கும் பயன்படுத்தப்படாது என்ற உறுதியை அரசு தெளிவாக அளிப்பது முதல் தேவை.

கிராமம் வளர்ந்தால் பட்டியலிலிருந்து நீங்கும்

ரேணிகுண்டா நகரமா, கிராமமா என்ற கேள்விக்கு மீண்டும் வருவோம். 2011 கணக்கெடுப்பில் நாடெங்கும் 3,894 கணக்கெடுப்பு நகரங்கள் இருந்தன. தொழிற்சாலை வந்து, விவசாயம் சாராத வேலை பெருகி, சற்று வசதியடைந்த கிராமம் நகரமாக வகைப்படுத்தப்பட்டதும் கிராமப்புறச் சராசரியிலிருந்து வெளியேறிவிடுகிறது. எஞ்சியிருப்பவை வளர்ச்சி காணாத கிராமங்கள். எனவே ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் ஊரக வருமானம் செயற்கையாகக் குறைந்து தோன்றும். மறுவகைப்படுத்தல் தாமதமானால் இதற்கு நேர்மாறாக, கிராமம் என்ற பெயரில் நகரத்தின் வருமானம் கணக்கில் ஏறும். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால், பதினைந்து ஆண்டுப் பழைய ஊர்ப் பட்டியலின் மீதே எல்லா ஆய்வுகளும் கட்டப்பட்டு வந்துள்ளன.

புதிய கணக்கெடுப்பின் முடிவுகள் வரும்போது ரேணிகுண்டா போன்ற ஆயிரக்கணக்கான ஊர்கள் இடம் மாறக்கூடும். அப்போது ஊரக வருமானம் கூடியது என்றோ குறைந்தது என்றோ அறிவிப்பவர்கள், பழைய வரையறைப்படி ஒரு கணக்கும் புதிய வரையறைப்படி ஒரு கணக்கும் சேர்த்தே வெளியிட வேண்டும். இல்லாவிடில் 1950-களின் விவாதம் மறுபடியும் நடக்கும்.

சட்டத்தில் இடம் வேண்டும்

ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, 'விபி - ஜி ராம் ஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. வேலை நாள்கள் 100-லிருந்து 125 ஆக உயர்த்தப்பட்டதைப் பற்றியும், செலவில் மாநிலங்களின் பங்கு கூடியதைப் பற்றியும் காரசாரமாக விவாதிக்கப்பட்டது. கூலியை எந்த அளவுகோலால் திருத்துவது என்பது அந்த விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை. கூலி வீதத்தை மத்திய அரசே அறிவிக்கும் முறை புதிய ஏற்பாட்டிலும் தொடர்கிறது.

நாள்களை எண்ணுவது எளிது. அதனால் அரசியல் கட்சிகள் நாள்களைப் பற்றிப் பேசுகின்றன. அந்த நாள்களுக்குக் கிடைக்கும் பணம் என்ன வாங்கும் என்பதைப் பற்றிப் பேச, குறியீட்டெண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். அது கடினம் என்பதாலேயே கூலியின் உண்மை மதிப்பு கேட்பாரற்றுக் கரைகிறது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அதற்கு அடிப்படையான தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீட்டெண் 2020-லேயே புதுப்பிக்கப்பட்டுவிட்டது. கிராமத் தொழிலாளியின் குறியீட்டெண்தான் 2025 வரை காத்திருந்தது. சங்கம் வைத்துக் கேட்க முடிந்தவருக்குப் புதிய அளவுகோல், கேட்க முடியாதவருக்குப் பழையது என்ற நிலை நியாயமாகாது.

தேவையான சீர்திருத்தங்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஊரகக் குறியீட்டெண்ணின் கூடையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது சட்டப்படியான கடமையாக வேண்டும். கூலியின் தொடக்கப் புள்ளி, மாநிலத்தின் குறைந்தபட்ச விவசாயக் கூலிக்குக் கீழே இருக்கக் கூடாது. விவசாயக் குடும்ப வருமான ஆய்வை மாறாத வரையறையோடு, தேதி குறித்து, தேர்தலுக்கு அஞ்சாமல் நடத்த வேண்டும். அண்டை மாநிலங்கள் ஒரே சந்தையைப் பகிர்ந்துகொள்ளும் எல்லை வட்டாரங்களில் விலை விவரத்தைத் தனியே சேகரித்து ஒப்பிடவும் வழி காண வேண்டும்.

இந்தியரின் தலா வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்று 1870-களில் கணக்கிட்டுச் சொன்ன தாதாபாய் நவ்ரோஜி, அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. சிறைக் கைதி ஒருவருக்கு உணவுக்கும் உடைக்கும் அரசே செலவிட்ட தொகையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உழைத்து வாழும் குடிமகனின் வருமானம் கைதியின் பராமரிப்புச் செலவுக்குக்கூடப் போதவில்லை என்பதை ஆட்சியாளர்களின் கணக்கைக்கொண்டே அவர் நிறுவினார். வருமானத்தை அளப்பது என்றால் அதுதான்: கைக்கு வந்த பணத்தையும் வாழத் தேவையான செலவையும் ஒரே பக்கத்தில் எழுதுவது.

ரேணிகுண்டாவிலும் திருத்தணியிலும் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். வாரக் கூலி கைக்கு வந்ததும் மளிகைக் கடையில் அவர்கள் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். தில்லியின் கணக்கு அதோடு ஒத்துப்போகும் நாள் வரும்வரை, வருமானம் உயர்ந்துவிட்டது என்ற அறிவிப்புகளை நம்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.